ஆறு ஓட்டைக் கொக்கி

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில்தான் ஃபிட்டரம்மாவுக்கு மூச்சு வரும். போன வருஷமும் அப்படித்தான். பிஸ்கட் தொழிற்சாலையில் மாவு பிசையும் மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையில் ஸ்பேனரோடு, "அப்பாடா" என்றாள். பக்கத்தில் நின்ற பேக்கிங் பெண், லீவு எப்படிப் போனது என்று கேட்டாள். "இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்று மிஷினுக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

அந்தத் தொழிற்சாலையில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரைக்கும் அவளை ஃபிட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மிஷின் எதற்கு முனகுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள். அவள் புருஷனும் அங்கேதான், பிஸ்கட் வேகிற பிரிவில். ஒரு தெரு நீளத்துக்கு இருக்கும் அந்த அடுப்பை வருஷக்கணக்காகக் கட்டி மேய்ப்பதால் அவருக்கு அடுப்புக்காரர் என்று பேர். வீட்டு அடுப்பை மட்டும் எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று தெரியாது. கேட்டால், "அது சின்ன சைஸு, நமக்குப் பழக்கமில்ல" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வதால் அவர்மேல் கோபப்படவும் முடியாது. அதுதான் அவரிடம் உள்ள பெரிய கெட்ட குணம்.

விடுமுறைக்கு ஏற்பாடு செய்வது எப்போதும் அடுப்புக்காரரின் அக்கா. ஃபிட்டரம்மாவுக்கு அண்ணி. தையல்கடை வைத்திருக்கிறாள். அண்ணியும் அவள் வீட்டுக்காரரும், இவர்கள் இருவரும், இவர்களுடைய மகளும் மகனும் ஒரே வேனில் கிளம்புவார்கள். போகிற இடம் மலையோ, ஏரியோ, கடலோ, அண்ணி பிடிப்பது சமையலறையோடு சேர்ந்த வீடாகத்தான் இருக்கும். காரணம் அவள் வீட்டுக்காரர். அவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். ரொம்ப எளிமையான மனிதர். அதை அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். "எனக்குன்னு தனியா எதுவும் வேண்டாம்மா. எது குடுத்தாலும் சாப்பிடுவேன். சூடா இருந்தா போதும்" என்பார். பிள்ளைகள் அவருக்குச் சூட்டு மாமா என்று பேர் வைத்திருந்தார்கள். காலையில் சூடாக, மத்தியானம் சூடாக, சாயங்காலம் சூடாக, ராத்திரி அதைவிடச் சூடாக. போதும் என்கிற அந்த ஒரு வார்த்தையில் இரண்டு பெண்களின் விடுமுறை வருஷா வருஷம் வெந்துகொண்டிருந்தது.

சொந்த வீட்டில் சமைப்பதாவது பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் உப்பு கிடைக்கும். அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் கத்தி வெட்டாது, மூடி எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாது, குழாய் ஒரு பக்கமாகத் திரும்பி முகத்தில் அடிக்கும். கடலைப் பார்க்கப் போய், சமையலறை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு வந்த வருஷங்கள் ஃபிட்டரம்மாவுக்கு உண்டு. விடுமுறைப் போட்டோக்களில் அவள் இருக்க மாட்டாள். இருந்தால் கையில் கரண்டி இருக்கும்.

அதனால் இந்த வருஷம் கொடி பிடித்தாள். ரூம் நான் போடுகிறேன் என்றாள். சமையலறை கிடையாது, சுற்றிப் பார்க்கிற இடம் என்று ஒன்றும் கிடையாது, விடிகாலை அலாரம் கிடையாது. கடற்கரையோரம் ஒரு லாட்ஜ், அதற்குக் கீழேயே சாப்பாட்டுக் கடை. பிள்ளைகளுக்கு மணலும் தண்ணீரும் போதும், பெற்றவர்களுக்குத் தூக்கம் போதும். அடுப்புக்காரர் தலையாட்டினார், அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அண்ணியிடம் போனில் சொன்னபோது "சரிம்மா, உன் இஷ்டம்" என்றாள். அதில் சரியும் இல்லை, இஷ்டமும் இல்லை. மிஷின் முனகலுக்குக் காது கொடுக்கிறவள் மனுஷி முனகலைக் கோட்டை விட்டாள்.

அந்த விடுமுறையை நினைத்துக்கொண்டுதான் ஃபிட்டரம்மா வெயில்காலம் முழுக்க ஓடினாள். ஆள் பற்றாக்குறையால் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த நாட்களில், தோள்பட்டை எரிய எரிய, "போய்த் தூங்கிக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லாட்ஜ் தலையணையை நம்ப முடியாது என்று தன்னுடைய பஞ்சுத் தலையணையைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தாள். வேனில் முதலில் ஏறியது அந்தத் தலையணைதான்.

ஆனால் வேன் லாட்ஜுக்குப் போகவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் அண்ணி, வேனை ஓட்டிய அடுப்புக்காரரிடம், "இங்க திருப்புடா தம்பி, அங்க திருப்புடா தம்பி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டி ஒரு தனி வீட்டு வாசலில் போய் நின்றது. அண்ணி இறங்கிக் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். லாட்ஜுக்குப் போன் போட்டுத் தம்பி பேரைச் சொல்லி ரத்து செய்துவிட்டு இந்த வீட்டைப் பிடித்தாளாம். எல்லாரையும் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று மூச்சு விடாமல் இருந்தாளாம். நேராகச் சமையலறைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

"நாலு பர்னர், பாரு. போன தடவை மாதிரி நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் தேடித் தேடிப் பிடிச்சேன்."

பழைய குருடி, கதவைத் திறடி. சூட்டு மாமா தன் ஃபிளாஸ்கைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு, "அவசரமே இல்லம்மா, மெதுவா ஒரு டீ போட்டா போதும்" என்றார். பிள்ளைகள் காய்கறி மூட்டையையும் அரிசிப் பையையும் கொண்டுவந்து உள்ளே போட்டார்கள். ஃபிட்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வந்தால் கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம்; இவள் கோபம் வந்தால் சத்தமில்லாமல் கருவியைத் தேடுகிற ரகம்.

வேனுக்குப் போனாள். கைப்பையைத் திறந்து தன் பூட்டை எடுத்தாள்.

தொழிற்சாலையில் ஒரு சட்டம் உண்டு. மிஷினுக்குள் கை விடுவதற்கு முன்னால் ஃபிட்டர் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். சிவப்புப் பூட்டு. ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, அந்தச் சாவி போட்டவர் இடுப்பில். வேலை முடிந்து அவரே வந்து திறக்கிற வரைக்கும் முதலாளியே வந்தாலும் அதைத் தொடக் கூடாது. பூட்டை இரவல் கொடுக்கவும் கூடாது; அதனால் அது எப்போதும் அவள் கைப்பையில்தான் கிடக்கும். கூடவே ஒரு இரும்புக் கொக்கி, நண்டு பிடித்த மாதிரி கவ்விக்கொள்ளும், அதில் வரிசையாக ஆறு ஓட்டை.

சமையலறைக்குத் திரும்பி வந்தவள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். அடுப்புக்குப் போகிற கேஸை மூடினாள். குழாயைத் திருகினாள். ஜன்னலைச் சாத்தினாள். பிறகு வாசலில் நின்று, சட்டப்படி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று காலிச் சமையலறையைப் பார்த்துக் கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் கதவை இழுத்து, நாதாங்கியில் கொக்கியை மாட்டி, முதல் ஓட்டையில் சிவப்புப் பூட்டைப் போட்டுக் கிளிக் என்று அமுக்கினாள். பூட்டோடு தொங்கிய அட்டையில் அவள் போட்டோ இருந்தது. அதற்குக் கீழே, 'பழுது பார்க்கும் வேலை நடக்கிறது. தொடாதே.'

மகன் கொக்கியைத் தடவிப் பார்த்து, ஏன் இத்தனை ஓட்டை என்று கேட்டான். ஒரே மிஷினில் பல பேர் வேலை செய்தால் ஆளுக்கு ஒரு ஓட்டையில் பூட்டுப் போடுவார்கள், கடைசிப் பூட்டு கழன்றால்தான் மிஷின் ஓடும் என்று பொறுமையாக விளக்கினாள். அண்ணி வாயைத் திறந்தபடி நின்றாள். சூட்டு மாமாவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது.

"ஏம்மா, கிச்சன்ல என்ன பழுது?"

"கிச்சன்ல ஒண்ணும் இல்லண்ணே. பழுது எனக்குத்தான்."

அதோடு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லாரும் கடற்கரைப் பக்கம் சாப்பாட்டுக் கடைக்கு நடக்கலாம் என்றாள். மாமா சும்மா விடுவாரா. ஊர் முழுக்கப் பேசிப் பேசியே பாலிசி விற்கிறவர். இது என்ன பிடிவாதம், பிள்ளைகள் வயிறு என்னாவது, வாங்கி வந்த காய் அழுகாதா என்று நீட்டி முழக்கினார். கடைசியில் குரலைத் தழைத்துக்கொண்டு, பூட்டினது பூட்டினபடி இருக்கட்டும், ஃபிளாஸ்கை மட்டும் எடுத்துக்கொடுத்துவிட்டு மறுபடி பூட்டிக்கொள் என்றார். வேலை முடியாமல் திறக்கக் கூடாது என்றாள் ஃபிட்டரம்மா.

அப்போதுதான் மகள் மெதுவாகச் சொன்னாள், அம்மாவின் தலையணையும் உள்ளேதான் இருக்கிறது, அரிசிப் பைமேல் வைத்தேன் என்று.

ஃபிட்டரம்மா கதவைப் பார்த்தாள். தன் புத்தியை நொந்துகொண்டாள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சட்டம் சொல்கிறது. தலையணை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லையே. வருஷம் முழுக்க எந்தத் தூக்கத்துக்காகக் காத்திருந்தாளோ அந்தத் தூக்கத்தைத் தன் கையாலேயே பூட்டிவிட்டாள். மாமா முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. இடுப்புச் சாவிமேல் எல்லார் கண்ணும் போனது. அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் ஒருவேளை திறந்திருப்பாள்.

"என் தலகாணிக்கே திறக்கல," என்றாள். "உங்க ஃபிளாஸ்குக்கா திறப்பேன்? வாங்க, பசிக்குது."

அன்று மத்தியானம் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து ஹாலில் படுத்தாள். படுத்ததுதான் தெரியும். அடுப்புக்காரர் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. மற்ற வருஷங்களில் கடைக்கு ஓட, கேஸ் தூக்க, எல்லாரையும் வேனில் ஏற்றி இறக்க என்று அவருக்கும் எடுபிடி வேலை சரியாக இருக்கும். இப்போது சமையல் இல்லாததால் சாமான் வாங்க வேண்டியதில்லை, சுற்றிப் பார்க்க இடம் இல்லாததால் வண்டி ஓட்ட வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். வேனைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு வேனுக்குள்ளேயே பின்சீட்டில் சாய்ந்தவர், பிள்ளைகள் கால் முழுக்க மணலோடு வந்து எழுப்புகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து விடுமுறையில் அவர் பகலில் தூங்கியது அதுதான் முதல் தடவை.

அண்ணி தூங்கவில்லை. உம்மென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, கேட்காமலேயே எல்லார் சட்டைப் பொத்தானையும் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கிளம்புகிற நாள் காலைவரைக்கும் கல்யாண வீட்டுத் துணி தைத்துக் கொடுத்துவிட்டு வந்தவள். உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது. ராத்திரி சாப்பாட்டுக் கடையிலிருந்து திரும்பி நடக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ எடுக்கிற வரைக்கும் அதை யாருமே எடுக்கக் கூடாதா?"

"கூடாது அண்ணி."

"உன்னைக் கட்டினவனும்?"

"அவரும்தான்."

அண்ணி கூடவே நடந்தாள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, கடலும் வானமும் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டு கொட்டியது. கடற்கரைக் கடை ஷட்டரை இறக்கிவிட்டது. ரொட்டியும் பழமும் காலையோடு காலி. மத்தியானம் ஆனதும் மகன் வயிற்றைத் தடவிக்கொண்டு பூட்டிய கதவு முன்னால் போய் உட்கார்ந்தான். யாரும் சொல்லிக்கொடுத்து அவன் அங்கே உட்காரவில்லை, ஆனால் சூட்டு மாமா, "பாரும்மா, பச்சப்புள்ள" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஃபிட்டரம்மா ஹாலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. அரிசி உள்ளே, காய் உள்ளே, அடுப்பு உள்ளே, சாவி இடுப்பில். ஒரு நொடி வேலை. எழுந்து திறந்தால் எல்லாரும் அவளைப் புகழ்வார்கள், அது அவளுக்குத் தெரியும். அடுத்த வருஷமும் புகழ்வார்கள், அதற்கடுத்த வருஷமும். அப்படிப் புகழ்ந்தே அவளை அடுப்படியில் நிறுத்திவிடுவார்கள்.

அப்போது கதவுப் பக்கம் கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. அது அவளுக்குப் பழகிய சத்தம், துருப்பிடித்த ஸ்குரூ திரும்புகிற சத்தம். மாமா வேனிலிருந்து ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து கதவின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் எழுந்திருப்பதற்குள் அடுப்புக்காரர் குரல் கேட்டது.

"மாமா, அதைக் கீழ வைங்க."

"பூட்டை நான் தொடவே இல்லியே மாப்பிள்ளை. கீலைத்தானே கழட்டறேன்."

"பூட்டுப் போட்டவ இன்னும் உள்ள இருக்கா மாமா."

"எங்க உள்ள? அவ ஹால்ல தூங்கிட்டு இருக்கா."

"தூங்கறாள்ல. அப்ப வேலை இன்னும் முடியல."

மாமா சிரிக்கப் பார்த்தார். அடுப்புக்காரர் சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனிதர் சிரிக்காமல் நின்றது மாமாவுக்குப் புதிதாக இருந்தது. தொழிற்சாலையில் முன்பு ஒரு சூப்பர்வைசர் இருந்தார் என்று அடுப்புக்காரர் சொன்னார். உற்பத்தி நிற்கிறதே என்கிற அவசரத்தில், ஃபிட்டர் டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்து, அவன் பூட்டை அறுத்துச் சுவிட்சைப் போட்டார். ஃபிட்டர் டீ குடிக்கப் போகவில்லை. அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களில் அடுப்புக்காரரும் ஒருவர். அந்த ஃபிட்டர் இப்போது தொழிற்சாலை கேட்டில் டோக்கன் கொடுக்கிறான், இடது கையால்.

"அதனால அவ பூட்டை நான் தொட மாட்டேன். யாரையும் தொடவும் விட மாட்டேன். பசிச்சா சொல்லுங்க, நான் போய் வாங்கிட்டு வரேன்."

ஸ்குரூ டிரைவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, மழையில் இறங்கி நடந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்த ஃபிட்டரம்மாவுக்குக் கண்ணோரம் நனைந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் தனக்காக ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை. பேசியது பூட்டுக்காகவா தனக்காகவா என்று ஆராயவும் அவளுக்கு மனமில்லை. நிம்மதியாக இருந்தது, அதனால் நிஜமாகவே தூங்கிப்போனாள்.

அவர் பஸ் ஸ்டாண்டுவரை நடந்துபோய்ப் பொட்டலங்களோடு திரும்பியபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் நிரம்பும் போலிருந்தது. சாப்பாடு ஜில்லிட்டுப் போயிருந்தது. மாமா பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆறிப்போச்சே மாப்பிள்ளை" என்றார். "ஆமா மாமா, நானும்தான்" என்று அடுப்புக்காரர் தலையைத் துவட்டினார். அண்ணி முதலில் தம்பியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள், பிறகு வெகு நேரம் தன் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடியும்போது அடுப்புக்காரர் தும்ம ஆரம்பித்தார். ஒரு தும்மல், இரண்டு தும்மல், பிறகு வரிசையாக. ஃபிட்டரம்மா விழித்துக்கொண்டாள். மனசு இளகிவிட்டது. காட்ட வேண்டியதைக் காட்டியாச்சு, இதற்குமேல் பிடித்தால் அது உரிமை இல்லை, திமிர் என்று தலைக்குள் ஒரு குரல் சொன்னது. வேறு யாருடைய குரலாவது இருந்தால் சண்டை போட்டிருப்பாள். அது அவளுடைய குரலேதான். ஒரு சொம்பு வெந்நீர், அவ்வளவுதான். இடுப்புச் சாவியை உருவிக்கொண்டு சத்தமில்லாமல் சமையலறைக் கதவுக்குப் போனாள். பூட்டைக் கையில் எடுத்தாள்.

கொக்கியின் இரண்டாவது ஓட்டையில் இன்னொரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குப் போடுகிற பூட்டு, கட்டைவிரல் அளவுதான். அதில் ஒரு வெட்டுத்துணி கட்டியிருந்தது. துணிமேல் தையல் சாக்குக்கட்டியால், 'வேலை நடக்கிறது' என்று எழுதியிருந்தது.

"அது என் பூட்டு" என்று பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. அண்ணி பின்வாசல் படியில் கால் இரண்டையும் நீட்டிப்போட்டு, மழை விட்ட கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை.

"அவருக்குத் தும்மல் அண்ணி. கொஞ்சம் வெந்நீர் வைக்கலாம்னு."

"கடைக்காரன் வெந்நீர் தர மாட்டானா? உக்காரு."

ஃபிட்டரம்மா உட்காரவில்லை. நான் பூட்டியதே உங்களுக்குப் பிடிக்கவில்லை, இப்போது நீங்கள் ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டாள். கேட்கும்போது குரலில் கொஞ்சம் சூடு இருந்தது. அண்ணி கடலைப் பார்த்தே சொன்னாள்.

"நேத்து நீ வாயைத் திறந்துகிட்டுத் தூங்கினே. பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரமா வந்துச்சு. நமக்கு ஏன் இப்படித் தூக்கம் வரலன்னு. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கோ, பரவால்ல. உன்னை வருஷா வருஷம் கூட்டிட்டுப் போறது பாசத்துல இல்ல. நீ வந்தா எனக்குப் பாதி வேலை. அதுக்குத்தான். ரெண்டு பேரா செஞ்சா பாதியாகும்னு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது. யாருமே செய்யாம விட்டா முழுசாப் போயிடும்னு தோணவே இல்ல பாரு."

சுருக்கென்று தைத்தது ஃபிட்டரம்மாவுக்கு. இத்தனை வருஷம் அண்ணி கூப்பிட்டதைப் பிரியம் என்று நினைத்துத்தான் அந்த மொட்டைக் கத்தியோடெல்லாம் மல்லுக்கட்டினாள். கோபம் வர வேண்டும் என்று காத்திருந்து பார்த்தாள். வந்தது கோபம் இல்லை. படியில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், தானும் காலை நீட்டினாள்.

"லாட்ஜை ரத்து பண்ணினதுக்கு உங்களை மன்னிக்க மாட்டேன்" என்றாள்.

"வேண்டாம். ஆனா உன் பூட்டை இப்ப எடுத்தும் பிரயோஜனம் இல்ல. என்னோடது இருக்கு. உன் சட்டம்தானே?"

ஃபிட்டரம்மா சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சூரியன் மேலே வந்தபோது சூட்டு மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். சூடாக ஒரு டீ என்று ஆரம்பித்தவர் கதவைப் பார்த்தார். இரண்டு பூட்டு. குனிந்து துணியில் இருந்த எழுத்தைப் படித்தார். அந்தக் கையெழுத்தை அவருக்குத் தெரியும். அவர் சட்டை அளவெல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. பின்வாசலில் பொண்டாட்டியின் முதுகு தெரிந்தது. அது திரும்பவில்லை. ஹாலில் அடுப்புக்காரர் தும்மினார். "வாங்க மாமா, நடந்துட்டு வரலாம், நடந்தா எனக்கும் சரியாகும்" என்றார்.

டீ வாங்கிவரப் பாத்திரம் இல்லை. ஃபிளாஸ்க் உள்ளே இருந்தது. கடைசியில் மகனுடைய மணல் விளையாட்டு வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு இரண்டு ஆண்களும் போனார்கள். திரும்பி வரும்போது வாளி மாமா கையில் இருந்தது. குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார், சூடு போய்விடக் கூடாதாம். போய்த்தான் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் மணல்" என்றார். அன்று மத்தியானம் அண்ணி தூங்கினாள். அவளும் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கினாள், மகள் அதைப் போட்டோ எடுத்தாள்.

கிளம்புகிற நாள் வந்தது. வேனில் சாமானெல்லாம் ஏறிவிட்டது. உள்ளே இருக்கும் அரிசியும், அழுகிப்போயிருக்கும் காயும், ஃபிளாஸ்கும், தலையணையும்தான் பாக்கி. ஃபிட்டரம்மா முறைப்படி வந்து தன் பூட்டைத் திறந்து, அட்டையைச் சுருட்டிக் கைப்பையில் போட்டாள். உடம்பு லேசாக இருந்தது. தோள்பட்டை எரியவில்லை. அந்தத் தலையணை இல்லாமலே தூங்கத் தனக்குத் தெரிந்திருக்கிறதே என்று சிரிப்பு வந்தது.

அண்ணி எழுந்திருக்கவில்லை. பின்வாசல் படியில் கடை டம்ளரில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். மாமா வந்து, நேரமாகிறது, பூட்டை எடு, போகலாம் என்றார்.

"இன்னும் முடியல."

மாமா ஃபிட்டரம்மாவைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். அடுப்புக்காரரைப் பார்த்தார். அவர் வேனை அணைத்துவிட்டு இறங்கி, வாசல் சுவரில் சாய்ந்துகொண்டார். பிள்ளைகள் மறுபடி மணலுக்கு ஓடினார்கள். ஆக, ஒரு சின்னப் பெட்டிப் பூட்டுக்காக அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அண்ணி டீயை ஊதி ஊதிக் குடித்தாள். அது எப்போதோ ஆறிவிட்டது. இருந்தாலும் ஊதினாள், ஊதுவது அவளுக்குப் பிடித்திருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து வந்து தன் பூட்டைத் திறந்தாள். கொக்கி கழன்று விழுந்தது. மாமா உள்ளே பாய்ந்து ஃபிளாஸ்கை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

அண்ணி தரையில் கிடந்த கொக்கியை எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். ஆறு ஓட்டையையும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். புருஷன் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்துதான் கேட்டாள்.

"இது எங்க கிடைக்கும்? எங்க வீட்டுக் கதவுக்கு ஒண்ணு வேணும்."

பூட்டைத்தான் இரவல் கொடுக்கக் கூடாது. கொக்கியைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை. "இதையே வெச்சுக்குங்க அண்ணி" என்று ஃபிட்டரம்மா அதை அவள் கையில் அழுத்தினாள். அண்ணி அதைத் தையல் கத்திரி இருந்த பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். மாமா ஃபிளாஸ்கின் மூடியைத் திறந்தார், காலியாக இருந்ததைப் பார்த்தார், மூடினார். பிறகு சாப்பாட்டுக் கடை வழியாகப் போக முடியுமா, நானே இறங்கி ஃபிளாஸ்கில் டீ வாங்கிக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.